மவுண்டன் பைக் சஸ்பென்ஷனை நாமே செட் செய்வது: அடிக்கடி வரும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் மண்பாதையில் ஓட்டுகிறோம். யாராவது புதிதாக வந்தால் முதல் தேநீர்க் கடையிலேயே இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: "ஃபோர்க்கில் எவ்வளவு காற்று வைக்கணும்?" (ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், அமுங்கி நீளும் இரட்டைக் கால்; பின்சக்கரத்துக்கு அந்த வேலையைச் செய்வது பின் ஷாக்.) அதற்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். என் கணக்கு தெரிந்தால் உங்களுக்கு ஒப்பிட வசதியாக இருக்கும்: நான் 72 கிலோ, வண்டிக்கு முன்னால் 130 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய மொத்த தூரம்), பின்னால் 125. நான் மெக்கானிக் இல்லை. தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்ட ஆள், அவ்வளவுதான்.

சஸ்பென்ஷன் எதற்கு, சொகுசுக்குத்தானே?

சொகுசும் கிடைக்கும், ஆனால் அது கொசுறு. முதல் வேலை டயரைத் தரையோடு ஒட்ட வைப்பது. அந்தரத்தில் நிற்கும் டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. கல்லில் மோதி முன்சக்கரம் எகிறும் அந்த நொடியில் ஹேண்டில்பாரை எப்படித் திருப்பினாலும் வண்டி அது போகிற போக்கில்தான் போகும்.

எண்பதுகளின் கடைசி வரை மவுண்டன் பைக் என்றாலே முன்னால் வெறும் இரும்புக் கவைதான். பால் டர்னர் என்பவர் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியைத் தொடங்கி, ஆர்.எஸ்.-1 என்ற ஃபோர்க்கைக் கொண்டுவந்தபோது, ரேஸ் ஓட்டுகிறவர்களே "எடை கூடிப்போகும், எதற்கு இது" என்று முகம் சுளித்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு டவுன்ஹில் (மலையிறக்கப் போட்டி) பட்டத்தைத் தட்டிப்போனதும் பேச்சு மாறிவிட்டது. அதன் டிராவல் ஐந்து சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருந்தது. இன்று டவுன்ஹில் வண்டிகளில் இருபது சென்டிமீட்டர். அந்த ஐந்து சென்டிமீட்டரிலேயே ஜெயிக்கும் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது என்றால், நம் வண்டியில் இருக்கும் 100, 120-ஐ ஒழுங்காக வேலை வாங்கினாலே நமக்குத் தாராளம்.

என் ஃபோர்க்கில் இருப்பது காற்றா, ஸ்பிரிங்கா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் இருக்கும் மூடியைத் திருகிப் பாருங்கள். உள்ளே கார் டியூபில் இருப்பது போன்ற சின்ன வால்வு தெரிந்தால் காற்று. மூடி கழலாமல், பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பிளாஸ்டிக் திருகு மட்டும் சுற்றினால் உள்ளே இரும்பு ஸ்பிரிங். நம் ஊரில் கீழ்விலை, நடுவிலை வண்டிகள் பலவற்றில் வருவது இரண்டாவது வகைதான். சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். என்று எழுதியிருந்தால் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் ஃபோர்க்தான். அப்போது எனக்கு இந்தப் பக்கத்தில் வேலை இல்லையா?

பாதி வேலை இருக்கிறது. அந்தத் திருகுக்குப் பெயர் பிரீலோட். அதை இறுக்கினால் ஃபோர்க் கடினமாகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் ஸ்பிரிங்கின் கடினம் அப்படியே இருக்கும். அசையத் தொடங்குவதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்பது மட்டும்தான் கூடும். அதனால் நீங்கள் ஏறி உட்காரும்போது அமுங்கும் அளவு கொஞ்சம் குறையும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நடுத்தர எடை உள்ளவருக்கு இந்த ஃபோர்க்குகள் ஓரளவு பொருந்தும். 50 கிலோ ஆளுக்குக் கட்டை, 95 கிலோ ஆளுக்குத் தொளதொள. சில மாடல்களுக்கு மெல்லிய ஸ்பிரிங்கும் கடின ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டயர் காற்றில் விளையாடுவதுதான் வழி, அதைக் கீழே சொல்கிறேன்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஷாக் பம்ப் ஒன்று. இதில் மட்டும் சமரசம் கூடாது. பெட்ரோல் பங்க் காற்றும் வேண்டாம், டயருக்கு அடிக்கும் கால் பம்பும் வேண்டாம். ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றின் அளவு ஒரு டம்ளர் அளவு கூட இருக்காது, ஆனால் அழுத்தம் டயரைப் போல மூன்று நான்கு மடங்கு. சாதாரண பம்பில் ஒரு அடி கூடுதலாகப் போனாலும் முள் எங்கேயோ போய்விடும், கழற்றும்போது பாதி வெளியேறியும் விடும். ஷாக் பம்ப் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சூண்டுதான் ஏற்றும், அதற்காகவே செய்தது.

அப்புறம் ஒரு ஸ்கேல், ஒரு குட்டி நோட்டு. நோட்டு எதற்கு என்று சிரிப்பவர்கள் மூன்றாவது வாரம் "போன தடவை எவ்வளவு வைத்தேன்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

சேக், சேக் என்கிறார்களே, அது என்ன?

நீங்கள் வண்டியில் ஏறியதும், ஓட்டாமலேயே, உங்கள் எடைக்கு சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் சேக். மொத்த டிராவலில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள்.

எதற்கு அமுங்க வேண்டும்? சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போவது எல்லாருக்கும் தெரிகிறது. பள்ளம் வந்தால் அது கீழேயும் இறங்க வேண்டுமே. முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கி இருந்தால்தான் பள்ளத்துக்குள் நீண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். அமுங்காத ஃபோர்க் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும்.

எவ்வளவு என்றால்: வேகமாக மிதித்து ஏறுவதே பிரதானம் என்பவர்களுக்கு முன்னால் 15 முதல் 20 சதவீதம். நம்மைப் போல ஏறி இறங்கிச் சுற்றுகிறவர்களுக்கு முன்னால் 20-ஐ ஒட்டி, பின்னால் 25 முதல் 30. செங்குத்தாக இறங்குவதற்கென்றே இருக்கும் வண்டிகளில் பின்னால் 30, 35 வரை போகும். என் 130 ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 26 மில்லிமீட்டர்.

சரி, அதை எப்படி அளப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில், நிஜமாக ஓட்டும்போது என்ன போட்டிருப்பீர்களோ அதையெல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட், ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை, அதற்குள் டியூப், பம்ப், வாழைப்பழம் எல்லாம். எனக்கு இது மட்டும் நாலரை கிலோ வந்தது. வீட்டில் லுங்கியோடு ஏறி அளந்துவிட்டு, காட்டில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

லாக்அவுட் (ஃபோர்க்கை அசையாமல் பூட்டுவது), கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகத்தை அடக்கும் திருகு) எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து வையுங்கள். ஃபோர்க்கின் பின்பக்கம் சில கம்பெனிகள் எடைக்கு ஏற்ற காற்று அட்டவணையை ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் அவர்கள் வலைத்தளத்தில் இருக்கும். அதில் உங்கள் எடைக்குப் போட்டதை வைத்துத் தொடங்குங்கள். அது தொடக்கம் மட்டும்தான், முடிவு இல்லை. காற்று ஏற்றியதும் ஃபோர்க்கைப் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். ஏன் என்று பின் ஷாக் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

பளபளவென்று இருக்கும் மேல் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் கட்டுவாரை மெல்லச் சுற்றிக் கட்டினால் போதும். சுவரோரம் வண்டியை நிறுத்தி ஏறுங்கள், அல்லது யாராவது பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இறங்குமுகத்தில் நிற்பது போல இரண்டு பெடலிலும் எழுந்து நின்று, முழங்கை லேசாக மடக்கி, பிரேக்கைத் தொடாமல் இரண்டு மூன்று தடவை குதித்து ஓய்ந்து நில்லுங்கள். கூட இருப்பவர் ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளி விடட்டும். பிறகு ஆடாமல் அசையாமல் பூனை மாதிரி இறங்குங்கள். கீழ்க்குழாயின் விளிம்பிலிருந்து வளையம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள்.

அதிகம் அமுங்கினால் காற்றை ஏற்றுங்கள், குறைவாக அமுங்கினால் இறக்குங்கள், ஒரு தடவைக்கு ஐந்து பி.எஸ்.ஐ. (பம்பின் முள் காட்டும் காற்றழுத்த அளவு) போல. மூன்று தடவை அளந்து மூன்றும் ஒத்து வந்தால்தான் நம்புங்கள். முதல் தடவை அரைமணி நேரம் பிடிக்கும், அடுத்த தடவை பத்து நிமிடம்.

பின் ஷாக்குக்கும் இதே கதைதானா?

ஏறக்குறைய. இரண்டு விஷயம் மட்டும் வேறு. ஒன்று, ஷாக்கின் ஸ்ட்ரோக் வேறு, சக்கரத்தின் டிராவல் வேறு. என் வண்டியில் சக்கரம் 125 மில்லிமீட்டர் போகும்போது ஷாக் அமுங்குவது 50 மட்டும்தான், இடையில் இருக்கும் நெம்புகோல் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே சதவீதத்தை 50-க்குப் போட வேண்டும், 125-க்கு அல்ல. 30 சதவீதம் என்றால் 15 மில்லிமீட்டர். ஒரு நண்பர் 125-க்குப் போட்டு, 37 மில்லிமீட்டர் வரும்வரை காற்றை இறக்கிக்கொண்டே போனார், வண்டி படகு மாதிரி ஆகிவிட்டது. தொடக்க அழுத்தத்துக்கு ஒரு நாட்டுக் கணக்கு: உங்கள் எடையைப் பவுண்டில் மாற்றி அதையே பி.எஸ்.ஐ.யாக வையுங்கள். 72 கிலோ என்றால் 160 போல. எல்லா வண்டிக்கும் பொருந்தாது, ஆனால் அக்கம்பக்கத்தில் கொண்டுபோய் விடும். அதிகபட்சம் எவ்வளவு என்பது ஷாக்கின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று, உள்ளே இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. நீங்கள் பம்ப் அடிப்பது ஒன்றில். எதிர்ப்பக்கம் இருக்கும் சின்ன அறை, தொடக்கத்தில் இருக்கும் விறைப்பைத் தணித்து ஷாக்கை இலகுவாக அசைய வைக்கிறது. அமுக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டுக்கும் இடையே வழி திறந்து அழுத்தம் சமமாகும். காற்றை ஏற்றிவிட்டு அமுக்காமல் அப்படியே சேக் அளந்தால் எண் பொய் சொல்லும். ஆகவே 50 பி.எஸ்.ஐ. ஏற்றுவது, சீட்டைப் பிடித்துப் பத்துத் தடவை மெதுவாக அமுக்குவது, மறுபடி ஏற்றுவது என்று போங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஷாக் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு, எவ்வளவு காற்று ஏற்றினாலும் நீளாமல் நின்றுவிட்டால், வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எதிர் அறையில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கும்போது பாகங்கள் தெறிக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று காற்று போகிறதே! எவ்வளவு போனதோ தெரியவில்லை.

ஒன்றும் போகவில்லை. அது பம்பின் குழாயில் இருந்த காற்று. வால்வு அதற்கு முன்பே மூடிவிடுகிறது.

இதில் நான் பட்ட அசிங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் காற்று ஃபோர்க் வாங்கிய புதிதில், மாலையில் 80 வைப்பேன், காலையில் பம்பை மாட்டிப் பார்த்தால் 74 காட்டும். மறுபடி 80 ஏற்றுவேன், மறுநாள் மறுபடி 74. கசிகிறது என்று முடிவுகட்டி ஒரு கடைக்குப் போனேன். அவர்களும் ஆமாம் என்று சொல்லி சீல் மாற்றி, கணிசமாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மறுநாள் காலை பார்த்தால் அதே 74. நடப்பது என்னவென்றால், காலிக் குழாயை மாட்டியதும் ஃபோர்க்கில் இருக்கும் காற்று அந்தக் குழாயை நிரப்புகிறது, அதனால் முள் இறங்குகிறது. ஃபோர்க்கில் ஐந்தாறு குறையும், பின் ஷாக்கில் அறை சின்னது என்பதால் இன்னும் கூடுதலாகவே குறையும். சோதிக்கப் போய் நாமே காற்றை எடுக்கிறோம். அந்தக் கடைக்கு இது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிஜக் கசிவா என்று பார்க்க வேண்டுமானால் சேக்கை அளந்து பாருங்கள், அது போன வாரம் போலவே இருந்தால் கசிவு இல்லை.

ரீபவுண்ட் என்பது அந்தச் சிவப்புத் திருகுதானே? அதை என்ன செய்வது?

அதேதான். ஃபோர்க்கில் வலது காலின் அடியில் இருக்கும், சிலவற்றில் ஆமை, முயல் படம் போட்டிருக்கும். அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாகத் திரும்பி நீள்கிறது என்பதை இது கட்டுப்படுத்துகிறது. என்னைக் கேட்டால் சேக்குக்கு அடுத்து இதுதான், மற்றதெல்லாம் அப்புறம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் வண்டி முக்கால்வாசி சரி.

முயல் பக்கம் அதிகமாக இருந்தால், அமுங்கியது பட்டென்று எகிறும். கல்லில் பட்ட சக்கரம் பந்து மாதிரித் துள்ளும், ஹேண்டில்பார் கையை உதைக்கும், இறக்கத்தில் பின்பக்கம் நம்மைத் தூக்கி முன்னால் எறியப் பார்க்கும். ஆமைப் பக்கம் அதிகமாக இருந்தால் வேறு வகைத் தொல்லை, இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அடுத்தடுத்து கல் வரும் இடத்தில் ஃபோர்க் முதல் கல்லுக்கு அமுங்குகிறது, நீள்வதற்குள் இரண்டாவது கல் வந்துவிடுகிறது, பாதி அமுங்கிய இடத்திலிருந்து இன்னும் அமுங்குகிறது, மூன்றாவதற்கு இன்னும் உள்ளே. நாலைந்து கல்லில் டிராவலே தீர்ந்து, கட்டை ஃபோர்க்கில் போவது போல அடிக்கும். ஓட்டுபவர் உடனே "ஃபோர்க் ரொம்பக் கடினமாக இருக்கிறது" என்று காற்றை இறக்குவார். இன்னும் மோசமாகும். கை வலிக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே ரீபவுண்ட் எத்தனை கிளிக் என்பதுதான்.

தொடங்கும் முறை இப்படி. திருகை ஆமைப் பக்கம் முழுதாக மூடுங்கள், முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். அங்கிருந்து முயல் பக்கம் மொத்தம் எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். நடுவில் வையுங்கள். பின் ஷாக்குக்கு நம் ஊர் வேகத்தடையே போதும்: சீட்டில் உட்கார்ந்தபடி நிதானமாக வேகத்தடையிலிருந்து இறங்குங்கள். பின்பக்கம் ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி, இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் ஆமைப் பக்கம் இரண்டு கிளிக், எழும்பவே சோம்பேறித்தனமாக இருந்தால் முயல் பக்கம் இரண்டு கிளிக்.

அதன்பிறகு நிஜப் பாதைக்கு வாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓட்டி முடிக்கும் ஒரே துண்டைத் தேர்ந்தெடுங்கள், கல், வளைவு, ஒரு சின்னக் குதிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். நாங்கள் ஓடை ஓரமாக ஒரு மண்பாதையை வைத்திருக்கிறோம். (காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், தேயிலைத் தோட்டமாக இருந்தால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.) வேண்டுமென்றே ரொம்ப மெதுவாக வைத்து ஒரு ஓட்டம், ரொம்ப வேகமாக வைத்து ஒரு ஓட்டம், நடுவில் ஒன்று. இரண்டு ஓரமும் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் நடுவைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருகைத்தான் தொட வேண்டும். இரண்டைத் தொட்டால் எது வேலை செய்தது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

காற்றைக் கூட்டினால் ரீபவுண்டையும் ஆமைப் பக்கம் ஒன்றிரண்டு கிளிக் நகர்த்துங்கள். அழுத்தம் கூடினால் திருப்பித் தள்ளும் விசையும் கூடும், அதை அடக்க வேண்டும்.

கம்ப்ரெஷன்? நீலத் திருகு?

அமுங்கும் வேகத்தை அடக்குவது. இதில் லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்று இரண்டு சொல்வார்கள். வண்டியின் வேகம் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், ஷாக் அமுங்கும் வேகம்தான் அது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலை குனிவது, மிதிக்கும்போது வண்டி ஆடுவது எல்லாம் மெதுவான அசைவு. சதுரமான கல்லில் மோதுவது, குதித்து இறங்குவது வேகமான அசைவு.

முழுதாகத் திறந்து வைத்துத் தொடங்குங்கள். பிரேக்கில் மூக்கு ரொம்பக் குத்தினால் லோ ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டுங்கள். உங்கள் ஃபோர்க்கில் ஒரே ஒரு நீலத் திருகு இருந்தால் அது பெரும்பாலும் லோ ஸ்பீடுதான். எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை, ஒரு இடத்தில் வைத்தது அப்படியே கிடக்கிறது.

டோக்கன் போடு, டோக்கன் போடு என்கிறார்கள். அது என்ன?

காற்றறைக்குள் போடும் பிளாஸ்டிக் துண்டு. ராக்‌ஷாக்ஸ் டோக்கன் என்கிறது, ஃபாக்ஸ் வால்யூம் ஸ்பேசர் என்கிறது, வேலை ஒன்றுதான்: அறையின் இடத்தைக் குறைப்பது. பள்ளியில் படித்த பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? காற்றைப் பாதி இடத்துக்குள் நெருக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. அறை சின்னதாக இருந்தால் கடைசிப் பகுதியில் அழுத்தம் சடாரென்று ஏறும். தொடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கடைசி மட்டும் கடினமாகும்.

எப்போது போட வேண்டும் என்றால், சேக் சரியாக இருக்கிறது, நடுவிலும் நன்றாக இருக்கிறது, ஆனால் சின்னச் சின்னக் குதிப்புக்கெல்லாம் 'டங்' என்று அடிதட்டுகிறது, அப்போது ஒன்று போடுங்கள். மாறாக, வருடம் முழுக்க எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் கடைசி 20 மில்லிமீட்டரைத் தொடவே இல்லை என்றால், உள்ளே இருப்பதில் ஒன்றை எடுங்கள். காற்றை முழுதாக இறக்கிய பிறகுதான் மேல் மூடியைத் திறக்க வேண்டும், இதை இரண்டு தடவை படியுங்கள்.

ரப்பர் வளையம் ஒவ்வொரு தடவையும் டிராவலின் கடைசி வரை போக வேண்டுமா?

வேண்டாம். அன்றைய பாதையிலேயே மோசமான ஒரு இடத்தில் கிட்டத்தட்ட முழுதாகப் போனால் நல்லது. பஞ்சாயத்து ரோட்டிலேயே முழு டிராவலும் தீர்ந்தால் காற்று குறைவு.

லாக்அவுட்டை எப்போது போடுவது?

தார் ரோட்டில் நீண்ட ஏற்றத்தில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எழுந்து நின்று மிதித்து ஏறும்போது ஃபோர்க் ஆடிக்கொண்டிருந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும், அப்போது போடுங்கள். மண்ணில் ஏறும்போது வேண்டாம், பிடிமானம் போய்விடும். மேலே போய்ச் சேர்ந்து போட்டோ எல்லாம் எடுத்துவிட்டு, லாக்கைத் திறக்காமல் இறங்குபவர்கள் எங்கள் கூட்டத்தில் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அதில் நானும் சேர்த்தி.

சமவெளியில் செட் செய்து ஊட்டிக்கு எடுத்துப்போனால் மாறுமா?

மாறும், ஆனால் நினைப்பது போல அல்ல. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 80 பி.எஸ்.ஐ. வைக்கிறீர்கள் என்று வையுங்கள். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் மறுநாள் காலை 12 டிகிரி. குளிரில் காற்று சுருங்குவதால் ஏறக்குறைய 7 குறையும். ஆனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் 3 போலக் கூடும். கூட்டிக் கழித்தால் 76-ஐ ஒட்டி நிற்கும். சேக்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், கூர்ந்து கவனிப்பவருக்குத்தான் தெரியும். குளிரில் எண்ணெயும் கொஞ்சம் கெட்டிப்படுவதால், ரீபவுண்ட் மந்தமாகத் தெரிந்தால் முயல் பக்கம் ஒரு கிளிக். இதே காரணத்தால்தான், மொட்டை வெயிலில் நின்ற வண்டியில் காற்றை அளக்காமல் நிழலில் அரைமணி நேரம் விட்டு அளக்கச் சொல்கிறேன்.

டயர் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ரொம்ப உண்டு, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தரையைத் தொடும் முதல் சஸ்பென்ஷன் டயர்தான். ரோட்டு சைக்கிள் பழக்கத்தில் மவுண்டன் பைக் டயருக்கும் 50 அடித்துவிட்டு, பொடிக்கல்லில் கை நடுங்குகிறது என்று ஃபோர்க்கைத் திட்டினால் அது என்ன செய்யும்? 2.3 அங்குல டயரில் டியூபோடு நான் வைப்பது 28, டியூப் இல்லாமல் ஓட்டும்போது 23, 24. பின்னால் இரண்டு கூடுதல். டயரை முதலில் முடித்துவிட்டு, அதன்பிறகு சஸ்பென்ஷனுக்கு வாருங்கள். ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் செலவில்லாத மேம்பாடு.

என் நண்பருக்கும் என் எடைதான். அவர் செட்டிங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

அதே ஃபோர்க், அதே வண்டி என்றால் தொடக்கத்துக்கு வைக்கலாம். அவர் பின்னால் சாய்ந்து ஓட்டுபவரா, முன்னால் பாரம் போடுபவரா என்பதைப் பொறுத்து அதன்பிறகு மாறிவிடும். வேறு மாடல் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, இரண்டு ஃபோர்க்கில் ஒரே எடைக்கு 20 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வருவதெல்லாம் சாதாரணம்.

மழை, சேறு, செம்மண் தூசி... எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சர்வீஸ்?

ராக்‌ஷாக்ஸ் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற 50 மணி நேர ஓட்டம் என்று சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் நாலு மாதத்தில் வந்துவிடும். நேர்மையாகச் சொன்னால் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் செய்கிறேன், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று, கோடை முடிந்ததும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்து வரும் எண்ணெய் டீ நிறத்தில் இருப்பதைப் பார்த்து, அடுத்த தடவை சீக்கிரம் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வதோடு சரி.

ஓட்டி முடித்ததும் மேல் குழாயை ஈரத்துணியால் துடைப்பது ஒரு நிமிட வேலை. செம்மண் தூசி சீலின் உதட்டில் உட்கார்ந்துகொண்டு குழாயின் பூச்சை உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும், பூச்சு போனால் ஃபோர்க்கே போன மாதிரி. பைக் வாட்டர் வாஷ் கடையில் கொடுத்து சீலின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். கிறீச்சிடுகிறது என்று டபிள்யூ.டி.-40 அடிக்காதீர்கள், அது உள்ளே இருக்கும் மசகை அலசிவிடும்.

ஒரு வாரம் ஓட்டாமல் கிடந்த வண்டி விறைப்பாக இருந்தால், இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையங்கள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் வித்தியாசம் தெரியும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் திருப்பி நிறுத்தியதும் லிவரை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேல் குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறது. கசிவா?

மெல்லிய கோடு என்றால் நல்ல அறிகுறி, மசகு வேலை செய்கிறது. சொட்டினால், அல்லது துடைத்த மறுநாளே ஒழுகி நின்றால் சீல் போய்விட்டது.

பத்தாயிரம் ரூபாய்க்கு 'டபுள் சஸ்பென்ஷன்' சைக்கிள் பார்த்தேன். வாங்கலாமா?

பின்னால் இருப்பது வெறும் ஸ்பிரிங். டேம்பர் கிடையாது, அதாவது ரீபவுண்டைக் கட்டுப்படுத்த உள்ளே ஒன்றுமே இல்லை, அமுங்கினால் அதே வேகத்தில் உதைக்கும். இரண்டு மூன்று கிலோ எடை கூடும், இணைப்புகளில் ஆறு மாதத்தில் லொடலொட சத்தம் வரும். அதே பணத்துக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, நல்ல பிரேக்கோடு வாங்குங்கள்.

என் மகனுக்கு 28 கிலோ. அவன் சைக்கிள் ஃபோர்க் அசையவே மாட்டேன்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

குழந்தைகள் வண்டியில் வரும் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அவர்கள் எடைக்குப் பொருந்தாத கட்டை ஸ்பிரிங். பிரீலோட் திருகு இருந்தால் முழுதாகத் தளர்த்துங்கள். அப்படியும் அவன் எழுந்து நின்று குதிக்கும்போது ஒரு சென்டிமீட்டராவது அமுங்கவில்லை என்றால், அது இரண்டு கிலோ இரும்பு, அவ்வளவுதான். அடுத்த வண்டி வாங்கும்போது முன்னால் சாதாரணக் கவையும் அகலமான டயரும் உள்ளதாகப் பாருங்கள். இப்போதைக்கு டயர் காற்றை 18, 20-க்கு இறக்கி விடுங்கள். என் அக்கா பையனுக்கு அதைத்தான் செய்தேன். "மாமா, சைக்கிள் மெத்து மெத்துன்னு போகுது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.